பாராலீகல்களுக்குத் தொழில் சான்று எதற்கு?

'எரின் புரோக்கோவிச்' படம் 2000-ல் வந்தது. ஜூலியா ராபர்ட்ஸுக்கு ஆஸ்கார் வாங்கிக் கொடுத்த படம். நிஜத்தில் நடந்த கதை. மூன்று குழந்தைகள், விவாகரத்து, கையில் காசு இல்லை. சட்டம் படித்ததில்லை. தன் கார் விபத்து வழக்கை நடத்திய எட் மாஸ்ரி என்ற வக்கீலின் ஆபீசிலேயே பைல் அடுக்கும் வேலைக்குச் சேர்கிறார் எரின். வீடு, நிலம் சம்பந்தப்பட்ட ஒரு பைலில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் மருத்துவக் குறிப்புகளும் எதற்கு இருக்கின்றன என்று அவருக்குச் சந்தேகம் வருகிறது. அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு கலிபோர்னியாவின் ஹிங்க்லி என்ற சின்ன ஊருக்குப் போகிறார். நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பது வெளியே வருகிறது. 600-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து போட்ட வழக்கில் 1996-ல் அந்த மின்சார நிறுவனம் 33 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது.

இந்தக் கதையைக் கேட்டதும் யாருக்கும் ஒரு கேள்வி வரும். எந்தச் சான்றிதழும் இல்லாத ஒருவர் இவ்வளவு பெரிய வழக்குக்கு வேர் பிடித்துக் கொடுத்தார் என்றால், வக்கீல் ஆபீசில் வேலை செய்கிறவர்களுக்குச் சான்றிதழ் எதற்கு? பரீட்சை எதற்கு? பணத்துக்குப் பிடித்த கேடுதானே?

நியாயமான கேள்வி. ஆனால் இதற்குப் பதில் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. கடைசியில் அதற்கு வருவோம். முதலில் இந்த வேலை என்ன என்று பார்க்கலாம்.

பாராலீகல் என்றால் யார்?

நம் ஊர் கோர்ட் வாசலில் வக்கீலுக்குப் பின்னால் கட்டுக் கட்டாகப் பைல் தூக்கிக்கொண்டு போகும் வக்கீல் குமாஸ்தாவைப் பார்த்திருப்போம். அவர்தான் நினைவுக்கு வருவார். ஆனால் அமெரிக்காவில் பாராலீகல் என்பவர் அதற்கு ஒரு படி மேலே. அமெரிக்க வக்கீல்கள் சங்கமான ஏ.பி.ஏ. சொல்வதன் சாரம் இதுதான்: படிப்பாலோ பயிற்சியாலோ அனுபவத்தாலோ தகுதி பெற்று, வக்கீல் ஒப்படைக்கும் உண்மையான சட்ட வேலையைச் செய்பவர். அந்த வேலைக்குப் பொறுப்பு வக்கீலுடையது.

இதில் 'உண்மையான சட்ட வேலை' என்பதுதான் முக்கியம். ஜெராக்ஸ் எடுப்பது அல்ல. கட்சிக்காரரிடம் விவரம் கேட்டு எழுதுவது, சாட்சிகளைத் தேடுவது, எதிர்த் தரப்பு அனுப்பிய ஆயிரக்கணக்கான பக்கங்களைப் படித்துத் தேவையானதைப் பிரிப்பது, மனுவுக்கு முதல் வரைவு எழுதுவது, மேற்கோள் காட்டிய தீர்ப்புகள் சரியா என்று சரிபார்ப்பது, எந்தத் தேதிக்குள் எதைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று கணக்கு வைப்பது. ஒரு தேதி தவறினால் நல்ல வழக்கும் செத்துப் போகும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. கட்சிக்காரருக்குச் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. பொதுவாக, கோர்ட்டில் அவருக்காக வாதாடக் கூடாது. ஃபீஸ் எவ்வளவு என்று நிர்ணயிக்கக் கூடாது. மீறினால் உரிமம் இல்லாமல் வக்கீல் தொழில் செய்த குற்றம் வரும்.

(இந்தியாவில் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களில் இருக்கும் 'பாரா லீகல் வாலன்டியர்' வேறு. அது மக்களுக்கும் இலவச சட்ட உதவிக்கும் பாலமாக இருக்கும் தொண்டு. இங்கே பேசுவது அமெரிக்காவில் சம்பளத்துக்குச் செய்யும் தொழிலைப் பற்றி.)

யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்!

அமெரிக்காவில் நர்ஸுக்கு லைசென்ஸ் வேண்டும். முடி வெட்டுகிறவருக்கும் லைசென்ஸ் வேண்டும். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் பாராலீகலுக்கு லைசென்ஸ் கிடையாது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் பாராலீகல், இருபது வருடம் வழக்குகளைச் சுமந்தவரும் பாராலீகல். விசிட்டிங் கார்டில் இரண்டு பேருக்கும் ஒரே வார்த்தை.

கலிபோர்னியா மட்டும் கொஞ்சம் கடுமை. 2000-ல் இயற்றிய சட்டத்தில், சொன்ன தகுதிகள் இல்லாமல், வக்கீலின் மேற்பார்வை இல்லாமல், யாரும் தன்னைப் பாராலீகல் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தொடர் கல்வி வகுப்புகளும் கட்டாயம். அதில் நான்கு மணி நேரம் தொழில் ஒழுக்கம் பற்றியதாக இருக்க வேண்டும்.

மற்ற இடங்களில் சட்டம் செய்யாததைத் தொழில் செய்பவர்களே செய்துகொண்டார்கள். 1974-ல் என்.எஃப்.பி.ஏ. என்ற கூட்டமைப்பும், 1975-ல் 'நாலா' என்ற சங்கமும் தொடங்கின. நாலா 1976-லேயே தேர்வு நடத்த ஆரம்பித்துவிட்டது. அதில் தேறியவர் பெயருக்குப் பின்னால் 'சி.பி.' என்று போட்டுக்கொள்ளலாம். சான்று பெற்ற பாராலீகல் என்று அர்த்தம். பிறகு சில மாநிலங்களும் களத்தில் இறங்கின. டெக்சாஸில் 1994 முதல் தனித்தனி சட்டத் துறைகளில் பாராலீகல்களுக்குச் சான்று கொடுக்கிறார்கள். வட கரோலினாவில் 2005-லும் புளோரிடாவில் 2008-லும் வக்கீல் அமைப்புகளே திட்டம் தொடங்கின. இவையெல்லாம் கட்டாயம் இல்லை. விருப்பம் இருந்தால் எழுதலாம்.

படிப்புச் சான்றிதழும் தொழில் சான்றும் ஒன்றல்ல

நிறையப் பேர் குழம்பும் இடம் இது. ஒரு கல்லூரியில் ஆறு மாதமோ ஒரு வருடமோ பாராலீகல் கோர்ஸ் முடித்தால் கையில் ஒரு சர்டிபிகேட் கொடுப்பார்கள். அது படித்து முடித்ததற்கான அத்தாட்சி. அதை வைத்து 'சான்று பெற்ற பாராலீகல்' என்று போட்டுக்கொள்ள முடியாது. ஏ.பி.ஏ. கூட பாராலீகல் கோர்ஸ்களுக்குத்தான் அங்கீகாரம் கொடுக்கிறது, தனி மனிதர்களுக்குச் சான்று கொடுப்பதில்லை.

தொழில் சான்று என்பது வெளியே இருக்கும் ஓர் அமைப்பு தேர்வு வைத்து, அதன் பிறகும் கண்காணித்து, தவறினால் திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடியது. நமக்குத் தெரிந்த மாதிரி சொன்னால், பி.காம். டிகிரிக்கும் சி.ஏ.வுக்கும் உள்ள வித்தியாசம் போல. டிகிரி ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் நம்முடையது. சி.ஏ. என்று போட்டுக்கொள்ள இன்ஸ்டிடியூட்டின் உறுப்பினராகவும் அதன் விதிகளுக்குள்ளும் இருக்க வேண்டும். ஆனால் சி.ஏ. இல்லாமல் ஆடிட் கையெழுத்துப் போட முடியாது, சி.பி. இல்லாமலும் பாராலீகல் வேலை பார்க்கலாம். அந்த வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது.

நாலா தேர்வு இரண்டு பகுதி. முதல் பகுதி அறிவுத் தேர்வு: 120 கேள்விகள், மூன்று மணி நேரம். நீதிமன்ற அமைப்பு, சிவில் வழக்கு நடைமுறை, ஒப்பந்தம், கம்பெனி மற்றும் வணிகச் சட்டம், கிரிமினல், உயில், சொத்து, இழப்பீடு, தொழில் ஒழுக்கம் என்று ஒன்பது பாடம். மெர்க்கண்டைல் லாவும் கம்பெனி லாவும் படித்து நொந்த காமர்ஸ் மாணவர்களுக்கு இதில் பாதி பழக்கமான பெயர்கள்தான்! இதில் தேறினால்தான் இரண்டாவது பகுதி, எழுத்துத் தேர்வு. கொடுத்த விவரங்களைப் படித்து, அலசி, தெளிவாக எழுதிக் காட்ட வேண்டும்.

காசுக் கணக்கு

சரி, இதனால் என்ன லாபம்? இதைப் புரிந்துகொள்ள அமெரிக்க வக்கீல் ஆபீஸ் எப்படிச் சம்பாதிக்கிறது என்று தெரிய வேண்டும். மணிக்கணக்குதான். வக்கீலின் ஒரு மணி நேரம் இவ்வளவு, பாராலீகலின் ஒரு மணி நேரம் இவ்வளவு என்று கட்சிக்காரருக்குப் பில் போகும். ஆகவே பாராலீகல் என்பவர் ஆபீஸின் செலவுக் கணக்கில் மட்டும் இருப்பவர் அல்ல, வருமானக் கணக்கிலும் இருக்கிறார்.

இதை அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்ட வழக்கு 'மிசௌரி எதிர் ஜென்கின்ஸ்' (1989). கான்சாஸ் சிட்டி பள்ளிகளில் நிறப் பாகுபாட்டை எதிர்த்து நடந்த பெரிய வழக்கு அது. ஜெயித்த தரப்பின் வக்கீல் செலவை மாநில அரசு கொடுக்க வேண்டும். பாராலீகல்களின் நேரத்துக்கு மணிக்கு 15 டாலர் கொடுத்தால் போதும், ஏனென்றால் வக்கீலுக்கு ஆன அடக்க விலை அவ்வளவுதான் என்றது மாநிலம். கீழ்க் கோர்ட் கொடுத்ததோ சந்தை விலையான 40 டாலர். உச்ச நீதிமன்றம் சந்தை விலையே சரி என்றது. பாராலீகலைப் பயன்படுத்தினால் வழக்குச் செலவு குறையும், அதை ஊக்குவிக்க வேண்டும் என்பதும் அதன் காரணங்களில் ஒன்று. 2008-ல் 'ரிச்லின்' வழக்கில், மத்திய அரசிடமிருந்து செலவு வாங்கும் வேறொரு சட்டத்துக்கும் இதே முடிவைச் சொன்னது.

அடக்க விலைக்கும் சந்தை விலைக்கும் நடுவே 25 டாலர். ஒரு வழக்கில் ஆயிரம் மணி நேரம் உழைத்திருந்தால் 25,000 டாலர் வித்தியாசம். இந்தக் கணக்கு தெரிந்தால் எந்த ஆபீஸும் தன் பாராலீகலின் தகுதியைக் காகிதத்தில் காட்ட விரும்பும்.

ஏனென்றால் ஜென்கின்ஸ் தீர்ப்பில் ஒரு கண்டிப்பும் இருக்கிறது. வெறும் குமாஸ்தா வேலையைப் பாராலீகல் விலைக்குப் பில் போடக் கூடாது, அதை யார் செய்திருந்தாலும் சரி. ஆகவே, 'இவர் செய்தது சட்ட வேலைதான், அதைச் செய்யும் தகுதி இவருக்கு உண்டு' என்று காட்ட வேண்டிய கட்டாயம் வருகிறது. அங்கே 'சி.பி.' என்ற இரண்டு எழுத்து பேசும். அது மட்டுமே போதாது, செய்த வேலையின் விவரமும் வேண்டும். ஆனால் அது இருந்தால் பேச்சு சுலபமாகத் தொடங்கும்.

சம்பளம் உடனே ஏறிவிடுமா? அப்படி உத்தரவாதம் யாரும் கொடுக்க முடியாது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி 2023 மே மாதத்தில் இந்தத் தொழிலில் இடைநிலைச் சம்பளம் வருடத்துக்கு 60,970 டாலர். அதாவது பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ். மேலே போவதற்கு அனுபவம், ஊர், ஆபீஸின் அளவு, எந்த வகைச் சட்டம் என்று பல காரணங்கள். சான்று அவற்றில் ஒன்று.

யாருக்கு இது அதிகம் தேவை?

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் நடக்கக் கூடியது. ஒரு சின்ன ஊர். ஒரே ஒரு வக்கீல் இருக்கும் ஆபீஸ். பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட ஒரு பெண் அங்கே டெலிபோன் எடுக்கும் வேலைக்குச் சேர்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக உயில் வரைவு, சொத்துப் பத்திரம், கோர்ட் தேதி எல்லாம் அவர் கைக்கு வந்துவிடுகிறது. பதினைந்து வருடம் ஓடுகிறது. 'அந்தம்மா இல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் ஓடாது' என்று வக்கீல் எல்லோரிடமும் சொல்கிறார்.

ஒருநாள் அந்த வக்கீலுக்கு வயதாகிவிட்டது, ஆபீஸை மூடுகிறார்.

இப்போது அந்தப் பெண்ணிடம் என்ன இருக்கிறது? பதினைந்து வருட வேலையும் கட்சிக்காரர்களின் ரகசிய பைல்களுக்குள் இருக்கிறது. எதையும் வெளியே எடுத்துக் காட்ட முடியாது. எழுதிய மனுக்களில் எல்லாம் வக்கீலின் கையெழுத்து. அவர் திறமைக்கு ஒரே சாட்சி அந்த வக்கீல்தான், அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். நகரத்தில் இருக்கும் பெரிய ஆபீஸ் அவரைப் பார்த்தால் தெரிவது ஒன்றுதான்: டிகிரி இல்லாத, நடு வயதுப் பெண்.

இவருக்குத்தான் சான்று தேவை. நாலா தேர்வை எழுதக் கல்லூரி வழி மட்டுமல்லாமல், பள்ளிப் படிப்போடு ஏழு வருடம் வக்கீலின் கீழ் வேலை பார்த்து, தொடர் கல்வி வகுப்பும் முடித்தவர்களுக்கு ஒரு வழி வைத்ததன் அருமை இங்கேதான் தெரிகிறது. கல்லூரிக்குப் போக முடியாமல் போனவர், தனக்குத் தெரிந்ததை ஒரு பொது இடத்தில் நிரூபிக்க ஒரு கதவு. பெரிய பல்கலைக்கழகத்தில் படித்து பெரிய ஆபீஸில் இருப்பவருக்கு அந்த ஆபீஸின் பெயரே சான்று. இவருக்கு வேறு எதுவும் இல்லை.

தப்பு நடக்காமல் இருக்க

இன்னொரு லாபம் கட்சிக்காரருக்கு. நாலா சான்று ஐந்து வருடம்தான் செல்லும். புதுப்பிக்க 50 மணி நேரம் தொடர் கல்வி முடிக்க வேண்டும், அதில் 5 மணி நேரம் தொழில் ஒழுக்கம். பத்து வருடத்துக்கு முன்னால் படித்ததை வைத்தே ஓட்டிக்கொண்டிருக்க முடியாது.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2023-ல் நியூயார்க்கில் நடந்ததைச் சொல்லலாம். ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வக்கீல்கள் சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை அப்படியே மனுவில் போட்டுவிட்டார்கள். அந்தத் தீர்ப்புகள் உலகத்திலேயே இல்லை! நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். தீர்ப்பு நிஜமாக இருக்கிறதா, இன்னும் செல்லுபடியாகிறதா என்று பார்ப்பது பாராலீகல்கள் காலங்காலமாகச் செய்யும் அன்றாட வேலை. சலிப்பான வேலைதான். ஆனால் அந்தச் சலிப்பான வேலையை யாரும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது.

ஏ.பி.ஏ.வின் மாதிரி நடத்தை விதிகளில் 5.3-வது விதிப்படி, தன் கீழ் வேலை பார்க்கும் வக்கீல் அல்லாதவர்களும் ஒழுங்காக நடந்துகொள்கிறார்களா என்று பார்ப்பது வக்கீலின் கடமை. எது ஆலோசனை, எது வெறும் தகவல் என்ற கோடு தெரிந்த பாராலீகல் பக்கத்தில் இருந்தால் வக்கீல் நிம்மதியாகத் தூங்கலாம்.

குறைகளும் இருக்கின்றன

சான்று இருப்பதால் புதிய அதிகாரம் எதுவும் வந்துவிடாது. சி.பி. போட்டுக்கொண்டவரும் ஆலோசனை சொல்லக் கூடாது. தேர்வுக் கட்டணம் சில நூறு டாலர், வகுப்புகளுக்குத் தனிச் செலவு. சின்ன ஆபீஸில் இதைக் கைக்காசில்தான் கட்ட வேண்டியிருக்கும். தேர்வில் தேறியவர் எல்லோரும் கெட்டிக்காரர் என்றும் இல்லை, எழுதாதவர் எல்லோரும் மட்டம் என்றும் இல்லை.

சான்றுக்கு மேலே போய் உரிமமே கொடுத்துப் பார்த்தது வாஷிங்டன் மாநிலம். 2012-ல் அதன் உச்ச நீதிமன்றம் ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. பயிற்சி பெற்ற, வக்கீல் அல்லாதவர்கள் குடும்ப வழக்குகளில் மக்களுக்கு நேரடியாக உதவலாம் என்றது. வருடக்கணக்கில் படித்து, அனுபவ நேரம் சேர்த்துச் சிலர் உரிமம் வாங்கினார்கள். 2020-ல் அதே நீதிமன்றம், புதிதாக உரிமம் கொடுப்பதை நிறுத்த முடிவு செய்தது. ஏற்கனவே வாங்கியவர்கள் தொடரலாம் என்றாலும், பாதி வழியில் இருந்தவர்களின் மனநிலையை யோசித்துப் பாருங்கள். அதற்கு மறு வருடமே அரிசோனா அதே மாதிரி ஒரு திட்டத்தைத் தொடங்கியது! ஒரு காகிதத்தின் மதிப்பு அதைக் கொடுப்பவர் கையில் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

மறுபடியும் எரின்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். எரினுக்குச் சான்று இல்லையே?

இல்லை. ஆனால் அவருக்கு ஒரு எட் மாஸ்ரி இருந்தார். பைல் அடுக்க வந்தவர் ஏதோ சந்தேகம் என்று சொன்னதைக் கேட்டு, போய்ப் பார்த்துவிட்டு வா என்று விட்ட ஒரு முதலாளி. அந்தக் கதையில் எரினின் துணிச்சல் பாதி, கேட்கக் காது இருந்தது பாதி. எத்தனை ஆபீஸில் எத்தனை எரின்கள் ஒரு பைலைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, 'உனக்கென்ன தெரியும், வேலையைப் பார்' என்ற பதிலோடு உட்கார்ந்துவிட்டார்களோ? அவர்களைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை.

நல்ல முதலாளி கிடைப்பது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு தொழிலே நடக்க முடியாது. 'உனக்கென்ன தெரியும்?' என்று கேட்பவரிடம் நீட்டுவதற்கு ஏதாவது ஒன்று கையில் வேண்டும். அது தேர்வு எழுதி வாங்கியதாக இருக்க வேண்டும், யாரோ ஒருவர் தயவில் வந்ததாக இருக்கக் கூடாது. சம்பள உயர்வு, பில் கணக்கு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எட் மாஸ்ரி கிடைத்தவர்களுக்குச் சான்று இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கிடைக்காதவர்கள்தான் அதிகம்.